தப்பு பண்ணினாலும் நம்ம பையன்தானா?

ஜெர்மனி கால்பந்து அணியில ஆடின மெசூத் ஓசில் 2025 பிப்ரவரியில துருக்கி அதிபர் எர்டோகனோட கட்சியில மத்திய நிர்வாகக் குழு உறுப்பினரா ஆனார். அதுலேர்ந்து கால்பந்து பேசற இடத்துலயெல்லாம் ஒரே பேச்சு. "பாத்தீங்கல்ல? அவன் என்னைக்கு ஜெர்மன்காரனா இருந்தான்? எர்டோகனோட அந்த போட்டோ வந்தப்பவே எங்களுக்குத் தெரியுமே!" ஜெர்மனியில மட்டும் இல்ல, நம்ம ஊர்லயும் இதைச் சொல்ற ஆளுங்க இருக்காங்க. எனக்கு இந்த வாதம் தாங்கவே முடியல. எர்டோகனோட அரசியல் எனக்குப் பிடிக்காது. ஓசில் அங்க போய்ச் சேர்ந்ததும் பிடிக்கல. ஆனா 2025-ல ஒரு நடுவயசுக்காரர் எடுத்த முடிவைக் காட்டி, பதின்வயசுல அவர் எடுத்த முடிவு பொய்னு சொல்றது அநியாயம். நடுவுல என்ன நடந்துச்சுன்னு பாக்கணும். பாத்தா, கேள்வி ஓசில் பக்கம் நிக்காது. தன் மண்ணுல பொறந்த பிள்ளைங்களை ஒரு நாடு எப்படி நடத்துதுங்கற பக்கம் திரும்பிடும்.

ஓசில் 1988-ல கெல்சன்கிர்ஷன்ல பொறந்தவர். ரூர் பகுதியில இருக்கற நிலக்கரி ஊரு. தாத்தா பிழைப்புக்காக துருக்கியிலேர்ந்து வந்தவர், அப்பா சின்னக் குழந்தையா வந்தவர். ஆக இவர் மூணாவது தலைமுறை. ஆனாலும் பொறக்கும்போது இவருக்கு ஜெர்மன் குடியுரிமை கிடையாது, ஏன்னா அன்னைக்கு இருந்தது 1913-ல போட்ட சட்டம். ரத்த வழியில ஜெர்மனா இருந்தாத்தான் ஜெர்மன். பொறந்த ஊரு கணக்குல வராது. வளர்ந்தப்புறம் துருக்கி பாஸ்போர்ட்டை விட்டுட்டுத்தான் ஜெர்மன் பாஸ்போர்ட் வாங்கினார். துருக்கி அணியும் அவரை வேணும்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்துச்சு, இவர் ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்தார். 2010 அக்டோபர்ல பெர்லின்ல ஜெர்மனிக்கும் துருக்கிக்கும் மேட்ச். ஓசில் பந்தைத் தொட்டாலே துருக்கி ரசிகர்கள் கூச்சல் போட்டாங்க. அவர் கோல் போட்டார், கொண்டாடல. 3-0. மத்த ரெண்டு கோலும் மிரோஸ்லாவ் க்ளோசா. (இந்த க்ளோசா பேரை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வருவார்.) அதே வருஷம் ஓசிலுக்கு பாம்பி விருது குடுத்தாங்க. ஜெர்மனியில பெரிய விருது அது. எதுக்குக் குடுத்தாங்க தெரியுமா? ஜெர்மன் சமூகத்தோட நல்லா ஒன்றிப்போனதுக்கு! அந்த ஊர்லயே பொறந்து, அந்த ஊர்லயே பள்ளிக்கூடம் போன ஒருத்தருக்கு. திட்டறவங்க மட்டும் இல்ல, பாராட்டறவங்களும் அவரை வாசல்ல நிக்க வச்சுத்தான் பாராட்டினாங்க.

92 மேட்ச், 23 கோல், 2014 உலகக் கோப்பை. 2018 மே மாசம் லண்டன்ல எர்டோகனோட ஒரு போட்டோ. அடுத்த மாசம் ரஷ்யாவுல தென் கொரியாகிட்ட 0-2 தோத்து, 1938-க்கு அப்புறம் முதல் தடவையா ஜெர்மனி முதல் சுற்றுலயே வெளிய வந்துச்சு. மொத்த அணியும் சொதப்பின அந்தத் தோல்விக்கு ஒரே முகமா ஓசில் முகத்தை மாட்டிவிட்டாங்க. ஜூலை 22-ஆம் தேதி அவர் விலகிட்டார். ஜெயிச்சா நான் ஜெர்மன், தோத்தா நான் குடியேறினவன், இதுதான் அவர் அறிக்கையோட சாரம். நம்ம வீடுகள்ல மருமக கதை இதேதான். முப்பது வருஷம் ஆகியிருக்கும், குழம்பு நல்லா இருந்தா "எங்க வீட்டுக் கைப்பக்குவம்", உப்பு கூடினா "அவங்க அம்மா வளர்த்த லட்சணம்".

சரி, போட்டோவுக்கு வருவோம். அது தப்பான போட்டோ. இதுல எனக்கு எந்த மழுப்பலும் கிடையாது. துருக்கியில தேர்தல் ஒண்ணரை மாசத்துல. போட்டோவுக்கு மூணு மாசம் முன்னாடிதான் டெனிஸ் யூசெல்ங்கற பத்திரிகையாளர் துருக்கி சிறையிலேர்ந்து ஒரு வருஷம் கழிச்சு வெளிய வந்திருந்தார். அவரும் ஜெர்மனியில பொறந்த துருக்கி வம்சாவளிக்காரர்தான். அப்படிப்பட்ட நேரத்துல போய் சட்டையைப் பரிசா குடுத்து சிரிச்சுக்கிட்டு நின்னா, கோவம் வரத்தான் செய்யும். ஜெம் ஓஸ்டெமிர் (துருக்கிப் பெற்றோருக்கு ஜெர்மனியில பொறந்து 1994-லயே ஜெர்மன் நாடாளுமன்றத்துக்குப் போனவர்) அந்த போட்டோவைக் கடுமையா கண்டிச்சார். அந்தக் கண்டனம் நியாயமானது.

ஆனா அதே 2018 ஜூலையில லோத்தர் மத்தேயுஸ் கிரெம்ளின் போய் புதினைப் பாத்தார். ஜெர்மன் கால்பந்துச் சங்கத்தோட கௌரவ கேப்டன் அவர். கிரைமியாவைப் பிடுங்கின புதின், மறந்துடாதீங்க. சிலர் விமர்சனம் பண்ணினாங்க. அதோட முடிஞ்சுபோச்சு. "மத்தேயுஸ், நீ உண்மையிலயே ஜெர்மனா?"னு ஒருத்தரும் கேக்கல. கேக்கவும் தோணாது. ரெண்டு பேரும் பண்ணினது ஒரே வகைத் தப்பு. ஒருத்தருக்கு அது அவரோட தப்பு, கண்டிச்சாங்க, மறந்தாங்க. இன்னொருத்தருக்கு அது அவர் வம்சத்தோட தப்பு, அவர் யாருங்கற கேள்வியையே திரும்பத் திறந்துட்டாங்க. என்னோட வாதம் மொத்தமும் இதுலதான் நிக்குது. ஒரு நாட்டுக்கு நீங்க சொந்தமா இல்லையாங்கறது, நீங்க கோல் போடும்போது தெரியாது. தப்பு பண்ணும்போதுதான் தெரியும். தப்புக்குத் திட்டு வாங்கிட்டு வீட்டுக்குள்ளயே இருக்க முடிஞ்சா, அது உங்க வீடு.

இப்ப க்ளோசா. அவர் போலந்துல ஓபோலேங்கற ஊர்ல பொறந்தவர். அவரோட ஆடின லூகாஸ் பொடோல்ஸ்கி பொறந்தது போலந்துல க்ளிவித்சேல. ரெண்டு பேரும் சின்னப் பசங்களா ஜெர்மனிக்கு வந்தாங்க. ஜெர்மன் வம்சாவளிங்கற கணக்குல குடும்பத்துக்கே குடியுரிமை கிடைச்சுது. இவங்க மட்டும் இல்ல, சோவியத் யூனியன் பக்கத்துலேர்ந்து இருபது லட்சத்துக்கும் மேல இந்தக் கணக்குல வந்தாங்க, அதுல பல பேருக்கு ஜெர்மன் பேசவே வராது. 1996-லதான் அவங்களுக்கு மொழிப் பரீட்சைன்னு ஒண்ணு வந்துச்சு. அவங்களைச் சேத்துக்கிட்டதுல தப்பே இல்ல. ஆனா பக்கத்துல வச்சுப் பாருங்க. போலந்துல பொறந்து எட்டு வயசுல வந்தவர் ஜெர்மன். கெல்சன்கிர்ஷன்ல பொறந்தவர் ஜெர்மன் ஆகணும்னா ஒரு பாஸ்போர்ட்டைத் துறக்கணும், தேசிய கீதத்துக்கு வாயசைக்கணும், தோக்கக் கூடாது. கீதம் பாடலைங்கறது ஓசில் மேல ஒரு பெரிய குத்தச்சாட்டு. 1974-ல உலகக் கோப்பை ஜெயிச்ச மேற்கு ஜெர்மனி அணியிலயும் பலர் வாயைத் திறக்காமத்தான் நின்னாங்க. யாரும் கணக்கெடுக்கல. பொடோல்ஸ்கியும் பாடாமத்தான் நின்னார். ஆனா கேள்வி பெரும்பாலும் ஓசிலுக்குத்தான்.

இது எங்கேர்ந்து வருதுன்னா, ஆரம்பத்துலேர்ந்தே "இவங்க போயிடுவாங்க"ன்னு ஒரு நாடு தன்னையே நம்ப வச்சுக்கிட்டதுலேர்ந்து வருது. 1955-ல இத்தாலியோட ஒப்பந்தம், 1961 அக்டோபர்ல துருக்கியோட ஒப்பந்தம். விருந்தினர் தொழிலாளர்னு பேரு. ரெண்டு வருஷம் வேலை, அப்புறம் ஊருக்கு. ஆனா வேலை கத்துக்கிட்ட ஆளை அனுப்பிட்டுப் புது ஆளுக்கு மறுபடி முதல்லேர்ந்து கத்துக்குடுக்க எந்த முதலாளிக்கு மனசு வரும்? 1964-லயே முதலாளிங்க கேட்டுக்கிட்டு அந்த ரெண்டு வருஷக் கெடுவை எடுத்துட்டாங்க. 1973 வரைக்கும் எல்லா நாடுகள்லேர்ந்தும் சேத்து ஏறக்குறைய 1.4 கோடி பேர் வந்தாங்க, 1.1 கோடி பேர் திரும்பியும் போனாங்க. மீதி இருந்தவங்க குடும்பத்தைக் கூட்டிட்டு வந்தாங்க, பிள்ளை பெத்தாங்க. அரசாங்கம் என்ன பண்ணுச்சு? 1983-ல ஒரு சட்டம். வேலை போனவங்க நாட்டை விட்டு மொத்தமா கிளம்பினா 10,500 மார்க், கூடவே ஒவ்வொரு பிள்ளைக்கும் 1,500 மார்க். அந்தப் பிள்ளைங்கள்ல எத்தனையோ பேர் கொலோன்லயும் டூயிஸ்பர்க்லயும் பொறந்ததுங்க. பேசினது ஜெர்மன், படிச்சது ஜெர்மன் பள்ளிக்கூடம். அதுங்களுக்குத் தலைக்கு ஒரு விலை, கிளம்பறதுக்கு. இதைப் படிக்கும்போதெல்லாம் என்னால அமைதியா இருக்க முடியறதில்ல. தாய்நாட்டுப் பற்று இல்லைன்னு அந்தத் தலைமுறைகிட்ட எந்த முகத்தோட கேக்கறது?

கால்பந்தை விட்டுடுவோம், அது பணமும் புகழும் இருக்கற இடம். 2000-த்துலேர்ந்து 2007 வரைக்கும் ஒரு நாஜிக் கும்பல் ஜெர்மனி முழுக்கப் பத்து பேரைச் சுட்டுக் கொன்னுச்சு. எட்டுப் பேர் துருக்கி வம்சாவளி, ஒருத்தர் கிரேக்கர், ஒருத்தர் போலீஸ்காரம்மா. பெரும்பாலும் சின்னக் கடைக்காரங்க. முதல்ல செத்தவர் நியூரம்பர்க்ல பூ வித்துக்கிட்டிருந்த என்வர் சிம்செக். போலீஸ் வருஷக்கணக்கா யாரை விசாரிச்சுது? செத்தவங்களோட குடும்பத்தை. போதைப்பொருளா, மாஃபியாவா, அப்பாவுக்கு வேற பொம்பளையோட தொடர்பான்னு. பத்திரிகைகள் அந்தக் கொலைகளுக்கு ஒரு தின்பண்டத்தோட பேரை வச்சு எழுதுச்சு. 2011 நவம்பர்லதான் உண்மை வெளிய வந்துச்சு. அடுத்த வருஷம் பிப்ரவரியில பெர்லின்ல நடந்த அஞ்சலிக் கூட்டத்துல சிம்செக்கோட மகள் செமியா பேசினார். ஜெர்மனியில பொறந்த பொண்ணு. பதினோரு வருஷம் எங்களால மனசாரப் பாதிக்கப்பட்டவங்களா இருக்கக்கூட முடியலைன்னார். இது என் ஊருதானான்னும் அங்கயே கேட்டார். அப்புறம் அவர் துருக்கிக்கே போயிட்டார். அந்தப் பொண்ணுகிட்ட என்ன குறை சொல்ல முடியும்? அவர் பக்கம் ஒரு தப்பும் இல்ல, போட்டோ இல்ல, கீதம் இல்ல. அப்பாவைப் பறிகொடுத்த வீட்டுல போலீஸ் முதல்ல நுழைஞ்சப்போ, சந்தேகம் யார் மேல விழுந்துச்சு? குடியுரிமை அட்டையில இருக்கறதை விட அதுலதான் ஒரு நாடு உங்களை யாரா பாக்குதுன்னு தெரியும்.

எதிர்ப்பக்கம் சொல்றதையும் கேப்போம். "ஜெர்மனியில இருக்கற துருக்கிக்காரங்கள்ல மூணுல ரெண்டு பேர் எர்டோகனுக்குத்தானே ஓட்டு போடறாங்க?" 2018-ல ஏறக்குறைய 65 சதவீதம், உண்மைதான். ஆனா அது ஓட்டு போட்டவங்கள்ல 65 சதவீதம். அங்க துருக்கி வம்சாவளியினர் சுமார் 30 லட்சம். துருக்கித் தேர்தல்ல ஓட்டு இருக்கறது அதுல பாதிப் பேருக்கு. அந்தப் பாதியில ஏறக்குறைய பாதிப் பேர்தான் போட்டாங்க. கூட்டிக் கழிச்சா ஆறுல ஒருத்தர் அளவுக்குத்தான் வருது. இன்னொண்ணும் இருக்கு. ஜெர்மன் குடியுரிமை மட்டும் வச்சிருக்கறவங்களுக்கு அந்தத் தேர்தல்ல ஓட்டே கிடையாது. அதாவது, ஜெர்மனியோட ரொம்ப ஒட்டிப்போனவங்க இந்தக் கணக்குலயே இல்ல. விலகி இருக்கறவங்களை மட்டும் எண்ணிட்டு எல்லாரும் விலகி இருக்காங்கன்னு சொல்லக் கூடாது.

அடுத்தது, கொஞ்சம் கனமான வாதம். "முதல்ல மொழி, பண்பாடு, விசுவாசம் எல்லாத்தையும் காட்டட்டும். கடைசியில குடியுரிமை குடுப்போம்." கேக்க நியாயமாத்தான் இருக்கு. ரொம்ப நாள் ஜெர்மனி இப்படித்தான் நினைச்சுது. 2000 ஜனவரி 1 முதல், அப்பாவோ அம்மாவோ எட்டு வருஷம் சட்டப்படி இருந்திருந்தா அங்க பொறக்கற பிள்ளைக்குக் குடியுரிமை உண்டுன்னு ஆக்கினாங்க. ஆனா ஒரு முடிச்சு போட்டாங்க. 23 வயசுக்குள்ள ரெண்டு பாஸ்போர்ட்ல ஒண்ணை விடணும். (இந்த முடிச்சு வந்ததுக்குக் காரணமே ஹெஸ்ஸ மாநிலத்துல 1999-ல இரட்டைக் குடியுரிமைக்கு எதிரா நடந்த கையெழுத்து வேட்டையும், அதை வச்சு ஜெயிச்ச தேர்தலும்தான்.) இத்தாலியப் பிள்ளைக்கு இந்தக் கட்டாயம் இல்லாம இருந்துச்சு, ஐரோப்பிய ஒன்றியத்துக்காரங்க ரெண்டையும் வச்சுக்க முடிஞ்சுது. ரெண்டு பாஸ்போர்ட் இருந்தா விசுவாசம் ரெண்டா பிளந்துடும்ங்கறது உண்மையான கவலைன்னா, இத்தாலிக்கும் அதே விதி வந்திருக்கணும். வரல.

குடியுரிமை கடைசியில வரணுமா முதல்ல வரணுமாங்கறதுக்கு ஸ்விட்சர்லாந்துல நல்ல சான்று இருக்கு. அங்க சில ஊர்கள்ல யாருக்குக் குடியுரிமைன்னு ஊர் ஜனங்களே ரகசிய ஓட்டு போட்டு முடிவு பண்ணிக்கிட்டிருந்தாங்க, ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியா. 2000-த்துல எம்மென்ங்கற ஊர்ல இத்தாலிக்காரங்களை மட்டும் சேத்துக்கிட்டு, யூகோஸ்லாவியா பக்கத்துக்காரங்களையும் துருக்கிக்காரங்களையும் நிராகரிச்சாங்க. 2003-ல உச்ச நீதிமன்றம் இந்த முறையை நிறுத்துச்சு. ஜென்ஸ் ஹைன்முல்லர், டொமினிக் ஹாங்கார்ட்னர் முதலான ஆய்வாளர்கள் இந்த ஓட்டுக் கணக்கை எடுத்து, மயிரிழையில ஜெயிச்சவங்களையும் மயிரிழையில தோத்தவங்களையும் பல வருஷம் கழிச்சு ஒப்பிட்டாங்க. ரெண்டு கூட்டமும் மத்தபடி ஏறக்குறைய ஒரே மாதிரி ஆளுங்க. நாலு ஓட்டு அந்தப் பக்கம் விழுந்ததா இந்தப் பக்கம் விழுந்ததாங்கறதுதான் வித்தியாசம். குடியுரிமை கிடைச்சவங்க பின்னாடி அரசியல்ல கூடுதலா கலந்துக்கிட்டாங்க, உள்ளூர் சங்கங்கள்ல சேர்ந்தாங்க, அங்கயே இருக்கப் போறோம்னு சொன்னாங்க. சீக்கிரம் கிடைச்சவங்ககிட்ட மாற்றம் இன்னும் அதிகம். கதவைத் திறந்ததாலதான் ஒட்டினாங்க. ஒட்டினப்புறம் திறப்போம்னு காத்திருந்தா, எந்த விசுவாசம் வேணும்னு கேக்கறோமோ அதை நாமளே தடுக்கறோம்.

"சட்டம் மாறினா மனசு மாறிடுமா? பிரான்ஸைப் பாருங்க"ன்னு ஒரு கேள்வி வரும். நியாயமான கேள்வி, இதுக்கு முழுப் பதில் என்கிட்ட இல்ல. பிரான்ஸ்ல பொறந்த பிள்ளைகளுக்குக் குடியுரிமை ரொம்ப காலம் ஜெர்மனியை விட சுலபமா இருந்துச்சு. ஆனாலும் லியோன்ல பொறந்த கரீம் பென்சமா, கோல் போட்டா பிரெஞ்சு, போடலைன்னா அரபுன்னு 2011-ல சொன்னார். பெல்ஜியத்துல பொறந்த ரொமேலு லுகாகு 2018-ல அதையே சொன்னார். மூணு நாடு, மூணு சட்டம், ஒரே புகார். ஆக சட்டம் மட்டும் போதாது. ஆனா சட்டம் இல்லாம மனசு மட்டும் மாறின நாடு எதுன்னு யாராவது காட்டட்டும். ஜெர்மனியிலயே பாருங்க. அந்த போட்டோவுல நின்ன இன்னொருத்தர் இல்காய் குண்டோவான். அவரும் கெல்சன்கிர்ஷன்காரர்தான். அவர் விலகல, கூச்சலைத் தாங்கிக்கிட்டு ஆடினார். 2024 யூரோ போட்டியை ஜெர்மனி சொந்த மண்ணுல நடத்தினப்போ அவர்தான் கேப்டன். அந்தச் சமயத்துல ஒரு கருத்துக்கணிப்பு வந்துச்சு. கேப்டன் துருக்கி வம்சாவளியா இருக்கறது வருத்தமா இருக்குன்னு 17 சதவீதம் பேர் சொன்னாங்க. அணியில வெள்ளைத்தோல்காரங்க இன்னும் வேணும்னு 21 சதவீதம். அணி வீரர் யோசுவா கிம்மிச் அந்தக் கேள்வியே இனவெறின்னார், பயிற்சியாளர் நாகெல்ஸ்மன் அவரை ஆதரிச்சார். 2018-ல ஓசில் பக்கத்துல அணிக்குள்ளேர்ந்து இப்படி வெளிப்படையா நின்னவங்க ரொம்பக் குறைவு. மனசு மாறறது இப்படித்தான் இருக்கும்னு நினைக்கறேன், மெதுவா, அங்கங்க. அதே போட்டி நடந்துக்கிட்டிருக்கும்போதே, ஜூன் 27-ஆம் தேதி, புதுச் சட்டம் அமலுக்கு வந்துச்சு. இப்ப அஞ்சு வருஷம் போதும், பழைய பாஸ்போர்ட்டை விட வேண்டாம், பழைய விருந்தினர் தொழிலாளர்களுக்கு எழுத்துப் பரீட்சையும் இல்ல. 1961-ல வந்தவர் உயிரோட இருந்தா அவருக்கு இப்ப எண்பது வயசுக்கு மேல. ரொம்ப லேட். ஆனா வந்துச்சு.

கெல்சன்கிர்ஷன்லேர்ந்து ரொம்ப தூரம் இல்ல ஹம் நகரம். 2002-ல அங்க ஈழத்தமிழர்கள் கட்டின காமாட்சி அம்மன் கோயில் இருக்கு. 1983-க்கு அப்புறம் அகதியா போனவங்களோட பிள்ளைங்க இந்தச் சட்டங்களுக்குள்ளதான் வளர்ந்தாங்க. தமிழனுக்கு இந்தக் கதை புதுசும் இல்ல. 1948-ல இலங்கை ஒரு சட்டம் போட்டு, அப்பா அங்க பொறந்ததுக்கு அத்தாட்சி கேட்டு, லட்சக்கணக்கான மலையகத் தமிழர்களை நாடற்றவங்களா ஆக்குச்சு. 1964-ல இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் கையெழுத்து போட்டாங்க, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. தேயிலைத் தோட்டத்துல பொறந்த பிள்ளைங்களையும் சேத்துத்தான் அந்தக் கணக்கு.

அதனால ஜெர்மனியைப் பாத்துக் கோவப்படற நாம நம்ம சட்டத்தையும் பாக்கணும். இந்தியக் குடியுரிமைச் சட்டப்படி, 1987 ஜூலை 1-க்கு முன்னாடி இந்த மண்ணுல பொறந்த யாரும் இந்தியர். அதுக்கப்புறம் பொறந்தா அப்பாவோ அம்மாவோ இந்தியரா இருக்கணும். 2004 டிசம்பருக்கு அப்புறம் அது இன்னும் இறுக்கம். இந்த வித்தியாசம் மண்டபத்துல, கும்மிடிப்பூண்டியில, தமிழ்நாட்டுல இருக்கற இலங்கைத் தமிழர் முகாம்கள்ல என்ன பண்ணுது? ஒரே தாய் வயித்துல, ஒரே முகாம்ல, அண்ணன் 1986-ல பொறந்தா இந்தியர், தம்பி 1988-ல பொறந்தா அகதி. அந்தத் தம்பி நம்ம அரசுப் பள்ளியில படிச்சிருப்பான், நம்ம பாடப்புத்தகம், நம்ம தேசிய கீதம். அவனுக்கு இப்ப முப்பத்தஞ்சு வயசு தாண்டியிருக்கும், அவன் பிள்ளைங்க பள்ளிக்கூடம் போகும், அதுங்களும் அகதி. அவன்கிட்ட விசுவாசத்தை நிரூபின்னு கேக்க நமக்கு உரிமை இல்ல. இது நாடாளுமன்றம் திருத்த வேண்டிய சட்டம், திருத்த முடியற சட்டம். தமிழ்நாட்டுலேர்ந்து மக்களவைக்குப் போற 39 எம்.பி.க்கள் ஒவ்வொரு கூட்டத்தொடர்லயும் எழுந்து கேக்க வேண்டிய விஷயம் இது.